மூன்று அக்கா தங்கைகள், மூன்று ராத்திரி: ராமநாதபுரம் கடற்கரையில் ஓய்வெடுக்க முடியுமா?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். அவர்கள் மூன்று அக்கா தங்கைகள். பெரியவருக்கு 61, நடுவிலவருக்கு 57, இவருக்கு 52. கல்யாணத்துக்கு அப்புறம் மூவரும் ஒன்றாக ராத்தங்கியது சாவு வீட்டிலும் பிரசவ வீட்டிலும்தானாம். இப்போது கணவர், பிள்ளை, பேரன் யாரும் இல்லாமல் மூன்று ராத்திரி எங்காவது போக வேண்டும். ஏரிக்கரையில் ஒரு பழைய காலத்து விடுதி, அதற்குள்ளேயே எண்ணெய் மசாஜ், நீராவிக் குளியல் என்று வெளிநாட்டு விளம்பரம் ஒன்றில் பார்த்திருக்கிறார். அப்பத்தா ஊர் ராமநாதபுரம் பக்கம் என்பதால் அந்தக் கடற்கரையில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்கிறார். பெரியக்காவுக்குச் சர்க்கரை, மூட்டு வலி. கோயில் கோயிலாக ஓட மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். கேள்வி விடுதியைப் பற்றி இருக்கிறது. ஆனால் இரண்டு தடவை படித்தபோது, யாருக்கும் சமைக்காமல், யாருக்கும் பதில் சொல்லாமல், உடம்புக்கு வம்பு வராமல் மூன்று நாள் சும்மா இருக்க இந்த ஊர் விடுமா என்றுதான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் சித்த மருத்துவம் படித்தவள். 22 வருஷமாக ராமநாதபுரத்தில் நோயாளி பார்க்கிறேன். அப்பா வேலை பார்த்தது மண்டபத்தில், நான் வளர்ந்ததும் அங்கேதான். எண்ணெய், உடம்பு பிடித்துவிடுவது, மூட்டு வலி பற்றி இங்கே நான் சொல்வது தொழில். கடலையும் காற்றையும் பற்றிச் சொல்வது மீன்பிடிக்கிற குடும்பங்களோடு பழகித் தெரிந்துகொண்டது. விடுதிகளைப் பொறுத்தவரை நானும் உங்களைப் போலக் காசு கொடுத்துத் தங்குகிறவள்தான். அதனால் எந்த விடுதிக்கும் பெயர் சொல்லி நற்சான்று தரப் போவதில்லை. போன வருஷம் நன்றாக இருந்த இடம் இந்த வருஷம் கை மாறியிருக்கும்.

முதலில் கசப்பானதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மனதில் வைத்திருக்கிற அந்தப் படம், நீர்க்கரையில் நூறு வருஷத்துக் கட்டடம், மரத் தூண் வராந்தா, அதற்குள் ஸ்பா, எல்லாம் ஒரே கூரைக்கு அடியில், அது இந்தக் கரையில் நான் அறிய இல்லை. இந்தப் பக்கத்துப் பழைய தங்குமிடங்கள் உல்லாசத்துக்கு என்று எழுந்தவையே அல்ல. சேது என்னும் ராமேஸ்வரத்துக்கு நடந்து போகிறவர்களுக்காக, ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளும் தஞ்சை மராத்திய அரசர்களும் வழிநெடுகச் சத்திரம் கட்டினார்கள். சோறு போட, கூரை கொடுக்க என்று கிராமங்களையே எழுதி வைத்தார்கள். மண்டபம் முகாமின் பழைய கட்டடங்கள் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலித் தொழிலாளர்களை மருத்துவச் சோதனைக்காக நிறுத்தி வைத்த இடம். பிறகு 1947இல் கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் அங்கே வந்தது. அகதிகள் முகாமும் வந்தது. சின்ன வயதில் அந்தக் கட்டடங்களுக்கு நடுவே ஓடி விளையாடியிருக்கிறேன். அங்கே ஓய்வெடுக்கப் போனவர்கள் யாரும் இல்லை.

ஆனால் உங்களுக்கென்றே பெயர் வைத்தது போல இரண்டு ஊர் இங்கே இருக்கிறது. பாம்பனிலிருந்து ராமேஸ்வரம் போகும் வழியில் முதலில் அக்காள்மடம், அடுத்து தங்கச்சிமடம். 1914இல் ரயில் பாலம் வருவதற்கு முன்னால் யாத்திரிகர்கள் தோணியில்தான் தீவுக்கு வந்தார்கள். பாம்பனில் இறங்கி மணலில் நடந்து வருகிறவர்கள் தங்க அக்காள் பெயரில் ஒரு மடம், தங்கை பெயரில் ஒரு மடம். ஊரில் சொல்லும் கதை கொஞ்சம் கொடுமையானது. ஒரு சேதுபதி தன் இரண்டு மகள்களையும் பாம்பன் பகுதியைப் பார்த்துக்கொண்ட ஒருவருக்கே கட்டிக் கொடுத்தாராம். அந்த மருமகன் தோணித்துறையில் யாத்திரிகர்களிடம் சுங்கம் வாங்க ஆரம்பித்தார். சேதுவுக்குப் போகிறவனிடம் காசு பிடுங்குவதா என்று மாமனாரே மரண தண்டனை கொடுத்தார். மகள்கள் இருவரும் உடன்கட்டை ஏறினார்கள், அவர்கள் நினைவாக எழுந்தவைதான் இரண்டு மடமும் என்பார்கள். எந்தச் சேதுபதி, எந்த வருஷம் என்பதெல்லாம் சொல்கிறவரைப் பொறுத்து மாறும். ஊர்ப் பெயர் நிஜம், கதையைக் கதையாக வைத்துக்கொள்ளுங்கள். மடத்தைத் தேடிக்கொண்டு போனால் ஏமாந்து போவீர்கள். இன்று அவை மீன்பிடிக்கிறவர்களும் பூச்செடி வளர்க்கிறவர்களும் வாழும் சாதாரண ஊர்கள். இருந்தாலும் மூன்று பேரும் ஊர்ப் பலகைக்குக் கீழே நின்று ஒரு படம் எடுக்காமல் வரமாட்டீர்கள் என்று தெரியும். நடு அக்காவுக்கு மட்டும் பலகை இல்லை. அந்தச் சண்டையை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, தங்குவதற்கு என்ன வழி? ராமேஸ்வரம் ஊருக்குள் அறை எடுக்காதீர்கள். ஸ்படிக லிங்க தரிசனத்துக்கும் தீர்த்தமாடுவதற்கும் போகிறவர்கள் விடியற்காலை மூன்று, மூன்றரைக்கே வாளி சத்தத்தோடு எழுந்துவிடுவார்கள். தூங்க வந்தவர்களுக்கு அது ஒத்து வராது. உங்களுக்குத் தோதானது மண்டபம், அரியமான், பாம்பன், கீழக்கரை, சேதுக்கரை பக்கங்களில் கடலை ஒட்டிய சின்ன விடுதியோ வாடகை வீடோ. பழைய கட்டடம்தான் முக்கியம் என்று பெரியக்கா பிடிவாதம் பிடித்தால், முதல் ராத்திரியைச் செட்டிநாட்டில் போடுங்கள். காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பர்மாத் தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல் தரையுமாக நகரத்தார் வீடுகள் சில விடுதியாக மாறியிருக்கின்றன. அங்கிருந்து ராமநாதபுரம் காரில் இரண்டு மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். பழைய வீடு அங்கே, தண்ணீர் இங்கே என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் கிடைக்கும்.

எந்தக் கரையில் தங்குவது என்பதை அறையின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இதைத்தான் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. எங்களுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதை வடகடல் என்போம், தெற்கே மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்போம். தனுஷ்கோடியில் கேட்டால் வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே இருப்பது ஆண்கடல் என்பார்கள். ஒன்று குளம் மாதிரி கிடக்கும், இன்னொன்று இரையும், அதனால் அந்தப் பெயர். ஆனால் வருஷம் முழுக்க அப்படி இல்லை. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை சோழகக் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்போது தென்கடல் குமுறும், வடகடல் எண்ணெய் ஊற்றினாற்போல் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பிவிட்டால் கதை தலைகீழ். பெண்கடலுக்குக் கோபம் வருகிற மாதங்கள் அவை. ஆகவே ஆனி, ஆடியில் வந்தால் அரியமான், தேவிபட்டினம் பக்கம் வடக்குக் கரையில் தங்குங்கள். மார்கழி, தையில் வந்தால் கீழக்கரை, சேதுக்கரை, பாம்பனின் தென்கரை.

எந்த மாதம் என்று என்னைக் கேட்டால் தை பாதிக்கு மேல், மாசி முழுக்க. மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, கண்மாயில் தண்ணீர் கிடக்கும். சித்திரை, வைகாசி வேண்டவே வேண்டாம். வெக்கையும் புழுக்கமும் சேர்ந்து, அறைக்குள் ஏசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். இன்னொன்று, தை அமாவாசை, ஆடி அமாவாசை இரண்டுக்கும் முன்னும் பின்னும் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். ராமேஸ்வரம், தேவிபட்டினம், சேதுக்கரை மூன்றிலும் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கக் கூட்டம் அலைமோதும். சாலையில் வண்டி நகராது.

அறை பேசும்போது போனில் என்னென்ன கேட்க வேண்டும்? கீழ்த்தளமா, குளியலறைத் தரை வழுக்குமா, கழிப்பறையில் பிடித்து எழக் கைப்பிடி உண்டா. எல்லாவற்றுக்கும் மேலாக, குழாயில் வருவது உப்புத் தண்ணீரா என்று கேளுங்கள். எங்கள் மாவட்டத்தில் நிலத்தடி நீர் பெரும்பாலும் உப்பு. குடிக்கக் காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது, குளிக்கப் பல இடங்களில் போர் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி ஆகிவிடும். எண்ணெய்க் குளியலுக்காகவே வருகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு முறை நானும் என் அக்காவும் கடலோர விடுதி ஒன்றில் ஆசையாக எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அந்தத் தண்ணீரில் தலையை அலசப் பட்ட பாடு இன்னும் எங்கள் வீட்டில் சிரிப்புக் கதை. அப்போது கைகொடுத்தது சீயக்காயும் அரப்பும்தான். சோப்பு தோற்கிற தண்ணீரில் அவை கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். கோயம்புத்தூரிலிருந்து வரும்போதே எடுத்து வாருங்கள்.

எண்ணெய்க்கு வருகிறேன். விளம்பரத்தில் சொல்வதிலிருந்து என் அனுபவம் இங்கேதான் விலகுகிறது. சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடுவதற்குத் தொக்கணம் என்று பெயர். புற மருத்துவ முறைகள் 32இல் அதுவும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது விதமாகச் செய்யச் சொல்லியிருக்கிறது. நான்கு நாளைக்கு ஒரு தரம் எண்ணெய் முழுக்கைத் தவிர்க்காதே என்கிறது சித்தர் தேரையரின் நோயணுகா விதி. இவை நூலில் இருப்பவை. நடைமுறையில் நான் உறுதியாகச் சொல்லக் கூடியது கொஞ்சம்தான். நல்ல கை பிடித்துவிட்டால் தசை இறுக்கம் தளரும், சில நாளைக்கு வலி குறையும், அன்றைக்கு ராத்திரி தூக்கம் நன்றாக வரும். மூட்டுத் தேய்மானம் அதனால் சரியாகாது. பெரியக்காவின் முழங்கால் மூன்று நாளில் புதிதாகிவிடாது. உடம்பிலுள்ள நச்சு எல்லாம் வியர்வையில் வெளியேறும் என்று பல ஸ்பாக்கள் சொல்கின்றன. அதை நான் நோயாளிகளிடம் சொல்வதில்லை. கழிவைப் பிரிப்பது சிறுநீரகத்தின் வேலையும் கல்லீரலின் வேலையும். செவ்வாய், வெள்ளி பெண்களுக்கு, புதன், சனி ஆண்களுக்கு என்று கிழமை பார்க்கிற வழக்கம் இருக்கிறதே, அதற்கும் மருத்துவக் காரணம் எதையும் நான் பார்த்ததில்லை. கூட்டுக் குடும்பத்தில் ஒரே நாளில் எல்லோரும் வெந்நீர்ப் பானைக்கு அடித்துக்கொள்ள வேண்டாம் என்று யாரோ ஒரு புத்திசாலி மாமியார் வகுத்தது என்பது என் ஊகம்.

பெரியக்காவுக்குச் சர்க்கரை இருப்பதால் சிலவற்றை அழுத்திச் சொல்கிறேன். நீராவிப் பெட்டி அவருக்கு வேண்டாம். நாள்பட்ட சர்க்கரையில் பாதத்தின் உணர்வு மங்கியிருக்கலாம், சுடுவது தெரியாது. நீராவி எடுத்துவிட்டுப் பாதத்தில் கொப்புளத்தோடு என்னிடம் வந்தவர்கள் உண்டு. அதில் ஒருவரிடம் அந்த விடுதியில் சர்க்கரை இருக்கிறதா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. இன்சுலின் போடுகிறவராக இருந்தால், ஊசி போட்ட இடத்தில் சூடு பட்டாலோ அழுத்தித் தேய்த்தாலோ மருந்து சீக்கிரம் ரத்தத்தில் ஏறி, சர்க்கரை சட்டென்று இறங்கக் கூடும். மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் வயிற்றில் எண்ணெயோடு ஒரு மணி நேரம் உட்காருவதும் அதே வம்புதான். லேசாக ஏதாவது சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தேய்க்கட்டும். பக்கத்தில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம், அந்தக் காலை யாரும் பிடித்துவிடக் கூடாது. காய்ச்சல், சளி, புண், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம் இருந்தாலும் தொக்கணம் வேண்டாம். பெரியக்காவை நான் பார்க்கவில்லை. அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதுதான் முறை.

விடுதியிலோ வெளியிலோ மசாஜுக்குப் போனால், பிடித்துவிடுகிறவரை மேற்பார்க்கப் பட்டம் பெற்ற சித்த அல்லது ஆயுர்வேத மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பெண்தான் செய்வாரா, விரிப்பு மாற்றுவார்களா, என்ன தைலம் என்று கேளுங்கள். தைலத்தின் பெயர் சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். மூட்டுக்கு உளுந்துத் தைலமோ வாதகேசரித் தைலமோ என்று சொன்னால் சரி. விடமுட்டி, அதாவது எட்டிக்கொட்டை, சேர்ந்த தைலத்தை மருத்துவர் பார்த்துச் சொல்லாமல் தடவ விடாதீர்கள், அது விஷம் உள்ளது. அப்புறம், உங்கள் உடம்பைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் விலைப்பட்டியலை மட்டும் நீட்டுகிற இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், மூன்று பேர் சேர்ந்து வருகிறீர்கள், உங்களுக்கு ஸ்பாவே தேவையில்லை. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாசி மாதம், நானும் அக்காவும் சேதுக்கரைப் பக்கம் இரண்டு நாளைக்கு ஒரு வீடு எடுத்தோம். காலை எட்டு மணி இருக்கும். பின்கட்டில் இரும்புக் கரண்டியில் நல்லெண்ணெயைச் சூடு பண்ணி, நாலு மிளகு போட்டாள். மிளகு வெடித்ததும் இறக்கி, விரலால் தொட்டுப் பார்த்து, என்னைப் படியில் உட்காரவைத்து உச்சியில் வைத்துத் தட்ட ஆரம்பித்தாள். எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கை ஓரிடத்தில் நின்றது. "இது அந்த நாவல் மரத்துத் தழும்புதானடி?" என்றாள். எனக்கு மறந்தே போயிருந்தது. ஏழு வயதில் மண்டபத்தில் மரத்திலிருந்து விழுந்தது, முடிக்குள் மறைந்து கிடந்த தழும்பு அது. தள்ளிவிட்டது அவள்தான் என்பதை அன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டாள். 22 வருஷமாக எண்ணெய் முழுக்கின் பலனைப் பற்றிப் பேசுகிறேன், இது எந்த நூலிலும் இல்லை.

செய்முறை எளிது. மூவரும் ஒருவருக்கொருவர் மாற்றித் தேய்த்துவிடுங்கள். அரை மணி நேரம், கூடினால் முக்கால். இளவெயில் படட்டும். வெந்நீரில் பஞ்சகல்பம் தேய்த்துக் குளியுங்கள். கஸ்தூரி மஞ்சள், மிளகு, வேப்பம்வித்து, கடுக்காய்த்தோல், நெல்லிப்பருப்பு என்று ஐந்தும் சேர்ந்த பொடி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பீனிசம் (சைனஸ்), தலைபாரம் உள்ளவர் தலையை விட்டுவிட்டு உடம்புக்கு மட்டும் தேய்க்கலாம். அன்றைக்குப் பகலில் தூங்காதீர்கள், தயிரும் குளிர்ந்ததும் வேண்டாம், மிளகு ரசம் போதும் என்பது எங்கள் பத்தியம். பகல் தூக்கத்தால் உண்மையிலேயே கெடுதல் வரும் என்று நிரூபிக்க என்னிடம் சான்று இல்லை. ஆனால் குளித்து முடித்ததும் கண் சொக்கும், அதைத் தாண்டிவிட்டால் ராத்திரித் தூக்கம் அபாரமாக இருக்கும் என்பதைப் பார்த்திருக்கிறேன். எண்ணெய்க் குளியலில் எனக்குள்ள உண்மையான பயம் சளி இல்லை, வழுக்கித் தரையில் விழுவது. பெரியக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலியும், தரைக்கு ஒரு பழைய கோணிப்பையும் போடுங்கள். அன்றைக்குக் கடலில் இறங்க வேண்டாம். எண்ணெய்க் காலோடு ஈரப் பாசிக் கல்லில் நடப்பதைப் போல முட்டாள்தனம் இல்லை.

கடலில் இறங்குகிற நாளில் பெரியக்கா செருப்போடு இறங்கட்டும். சிப்பி கிழித்தது உணர்வு குறைந்த பாதத்துக்குத் தெரியாது, புண் மோசமாகிவிடும். கரைக்கு வந்ததும் பாதத்தைத் துடைத்துவிட்டு விரல் இடுக்குவரை ஒரு தங்கை பார்த்துவிடுங்கள். சொறிமீன் பட்டுவிட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதைக் குச்சியால் எடுத்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். இரண்டு கடலும் சேருகிற இடம், நீரோட்டம் காலை வாரிவிடும்.

நீங்கள் ஏரிக்கரை கேட்டீர்கள். எங்களிடம் ஏரி கிடையாது, கண்மாய் உண்டு. ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்பார்கள். ஒரு மூச்சில் நாரையால்கூடக் கடக்க முடியாத அகலம் என்று பெருமை. உங்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ராமநாதபுரம் ஊரை ஒட்டியே சக்கரக்கோட்டைக் கண்மாய் இருக்கிறது, பறவைகள் சரணாலயம். நல்ல மழை பெய்த வருஷம் தை மாதத்தில் கருவேல மரம் ஒவ்வொன்றும் நாரையும் கூழைக்கடாவுமாக வெள்ளை பூத்துக் கிடக்கும். மழை பொய்த்த வருஷம் வெடித்த களிமண்ணைப் பார்த்துவிட்டு வருவீர்கள், அதனால் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. பறவைப் பைத்தியம் இருந்தால் மட்டும் அங்கே போங்கள். காலை ஆறரைக்கு ஒரு ஃபிளாஸ்க் காபியோடு சக்கரக்கோட்டைக் கரையில் போய் நின்றால் போதும், ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பிவிடலாம்.

வெளியே போக ஒரே ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வைத்தால் அது சுற்றுலா ஆகிவிடும், ஓய்வு காணாமல் போகும். என் தேர்வு காரங்காடு. தேவிபட்டினம் தாண்டித் தொண்டிக்குப் போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கும் மீனவ ஊர். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். உட்கார்ந்தபடியே போகலாம், முழங்காலுக்குத் தொந்தரவு இல்லை. படகில் ஏறும்போது மட்டும் இருவர் பிடித்துக்கொள்ளுங்கள். சொல்லிவைத்தால் ஊர்ப் பெண்கள் மீன், நண்டு சமைத்துத் தருவார்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் இறங்கிச் சுற்றலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அந்த 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, தன் இஷ்டத்துக்குக் கால் வைக்க முடியாது. வெயில் ஏறிய நேரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால் ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனைக்குள் நுழையுங்கள். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம், சுவர் முழுக்க ஓவியம். ராமாயணத்துக்குப் பக்கத்திலேயே தஞ்சை மராத்தியரோடு நடந்த சண்டையும், சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியரும் இருப்பார்கள். உள்ளே குளுகுளுவென்று இருக்கும், அதற்காகவே போகலாம்.

தனுஷ்கோடிக்குப் போகாமல் இருக்க மாட்டீர்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ரயில் நிலையத்தையும் மாதா கோயிலையும் எல்லோரும் காட்டுவார்கள். நான் சொல்வது வேறு. இடிபாடுகளைத் தாண்டி, கடலுக்குச் சில அடி தூரத்தில், மணலில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டியிருப்பார்கள். ஊற்று என்று பெயர். அங்கே வாழ்கிற பெண்கள் சிரட்டையால் மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். அவசரப்பட்டு ஆழமாக அள்ளினால் உப்பு ஏறிவிடும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேல் மெல்லிய படலமாக மிதப்பதுதான் அந்த ஊற்று. கேட்டால் ஒரு வாய் தருவார்கள், சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கும். மாலை இருட்டும் முன்னால் திரும்பிவிடுங்கள், அங்கே ராத்தங்க அனுமதி கிடையாது.

சாப்பாட்டில் பயம் வேண்டாம். நகரை, விளமீன், பாறை, ஊளி எதுவானாலும் காலையில் கரைக்கு வந்தது மதியம் தட்டுக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை, அப்போது நாட்டுப்படகு மீன்தான். பிள்ளை பெற்றவளுக்குக் காரல் மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது எங்கள் கடற்கரை வழக்கம். பாட்டியாகிவிட்ட பெரியக்காவும் சாப்பிடலாம். கீழக்கரையில் தொதல் வாங்காமல் வராதீர்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவுமாக மணிக்கணக்கில் கிளறுவது. கருப்பட்டிதானே, சர்க்கரைக்காரருக்கு ஆகும் என்று கடைக்காரர் சொல்வார், ஆகாது. பெரியக்காவுக்கு ஒரு விரல் துண்டு, மிச்சம் உங்கள் இருவருக்கும். பதநீருக்கும் அதே கணக்கு. பனங்கிழங்கு தையில் கிடைக்கும், அதை அவர் கொஞ்சம் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அந்த வேளைச் சோற்றைக் குறைக்க வேண்டும்.

கிளம்புகிற அன்று தங்கச்சிமடத்தில் வண்டியை நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் பல ஊர்களுக்கு மல்லிகை நாற்று இங்கிருந்துதான் போகிறது. ஆளுக்கு நாலு நாற்று கேளுங்கள். வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டித் தருவார்கள். மதுரையில் ரயில் ஏறும் முன் ஒரு முறை தண்ணீர் தெளித்துவிடுங்கள், ஜன்னல் ஓர வெயிலில் வைக்காதீர்கள். கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும், அதற்கப்புறம் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள். எந்த மாதம் வருகிறீர்கள், பெரியக்கா என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று எழுதினால், எந்தக் கரையில் தங்குவது, எண்ணெய்க்கு எந்த நேரம் என்பதை இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.